புகழின் செலாவணி

2022 ஜூலையில் 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டபோது, சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது நஞ்சம்மாவுக்குக் கிடைத்தது. கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாகப் போனால் எல்லை தாண்டியதும் வரும் அட்டப்பாடியைச் சேர்ந்தவர். இருளர் சமூகத்துப் பெண். ஆடு மாடு மேய்த்துக்கொண்டே பாடியவர். 'அய்யப்பனும் கோஷியும்' (2020) என்ற மலையாளப் படத்தில் அவர் பாடிய பாட்டு அவரே கட்டியது. இருளர் மொழியில் இருப்பதால் கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் நிறையப் புரியும். விருதுச் செய்தி வந்த சில நாட்களிலேயே ஓர் இசைக் கலைஞர் காணொளியில் எதிர்ப்புத் தெரிவித்தார். நாட்டுப்புறப் பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொன்ன சுருதியில் நின்று இவரால் பாட முடியுமா, இசைக்காகவே வாழ்க்கையைக் கொடுத்துப் பயின்றவர்களுக்கு இது அவமதிப்பு இல்லையா என்பது அவர் வாதத்தின் சாரம். பாடகர்களும் இசையமைப்பாளர்களும் பலர் உடனே நஞ்சம்மாவின் பக்கம் நின்றார்கள்.

அந்தச் சர்ச்சை அடங்கிவிட்டது. அதற்குள் இருந்த வாதம் அடங்கவில்லை. ரீல்ஸில் ஆடி லட்சக்கணக்கில் ஃபாலோயர் சேர்த்த இளைஞனைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும், ரியாலிட்டி ஷோவில் நூறு நாள் இருந்துவிட்டு வந்தவர் நகைக்கடை திறக்கும்போது மேடை நடிகர்கள் மனம் வெதும்பிச் சொல்வதும் இதே வாதம்தான்: புகழ் என்பது திறமையால் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். காதில் விழும்போது இதைவிட நியாயமான வாக்கியம் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அதே வாக்கியம் ஓர் ஆதிவாசிப் பாடகியின் கையிலிருந்து விருதைப் பிடுங்கப் பார்க்கவும் பயன்பட்டிருக்கிறது என்றால், அதை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நம் கடமை.

பிரித்தால் முதலில் கிடைப்பது ஒரு நம்பிக்கை. யாரும் குறுக்கே வராவிட்டால் புகழ் தானாகவே திறமையைத் தேடிப் போகும் என்ற நம்பிக்கை அது. இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் ஓர் இணையதளம் அமைத்தார்கள். பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்கள். கேட்டுவிட்டுப் பிடித்ததை இறக்கிக்கொள்ளலாம். பங்கேற்றவர்கள் 14,341 பேர். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் தெரியும். முடிவுகள் 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. எண்ணிக்கை தெரிந்த உலகங்களில் முன்னணிப் பாடல்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே இடைவெளி பெருத்தது. அதைவிட முக்கியமானது, ஓர் உலகத்தில் கொடிகட்டிய பாட்டு அடுத்த உலகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. பிறர் கருத்து தெரியாமல் கேட்டவர்களின் வரிசையில் 26-ஆவதாக வந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடத்தைப் பிடித்தது. இன்னொன்றில் 40-ஆவது இடத்தில் விழுந்தது. அதே பாட்டு, அதே குரல்.

இந்த ஆய்வை 'எல்லாம் அதிர்ஷ்டம்' என்று சுருக்குபவர்கள் அதன் மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். மிக நல்ல பாடல்கள் பெரும்பாலும் படுதோல்வி அடையவில்லை. மிக மோசமானவை அபூர்வமாகவே மேலே வந்தன. ஆக, திறமை வாசல்வரை கொண்டுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதை முன்னால் வந்தவர்களின் கூட்டம் முடிவு செய்கிறது. நடுத்தரமான திறமையும் அதற்குச் சற்று மேலான திறமையும் குவிந்துகிடக்கும் அந்தப் பெரிய இடத்தில், புகழை வைத்துத் திறமையை அளக்க முடியாது. திறமையை வைத்துப் புகழைக் கணிக்கவும் முடியாது.

உச்சத்தில் இருக்கும் திறமைக்கும் வாசல் வேண்டும் என்பதற்கு வாஷிங்டனில் நடந்த ஒரு சோதனை சாட்சி. 2007 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை காலை 7.51 மணி. லான்ஃபான்ட் பிளாசா மெட்ரோ நிலையத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரோரமாக, ஜீன்ஸும் பேஸ்பால் தொப்பியும் அணிந்த ஒருவர் வயலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். வாசித்தவர் உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல். வயலின் 1713-இல் ஸ்ட்ராடிவாரி செய்தது. முதலில் எடுத்துக்கொண்டது பாஹ் எழுதியவற்றில் வயலின்காரர்கள் மலையாக எண்ணும் சக்கோன். 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழின் ஏற்பாடு இது. 43 நிமிடத்தில் 1,097 பேர் கடந்து போனார்கள். ஒரு நிமிடமாவது நின்று கேட்டவர்கள் ஏழு பேர். பெட்டியில் விழுந்தது 32 டாலர் சொச்சம். அதற்கு மூன்று நாள் முன்பு பாஸ்டனில் அவருடைய கச்சேரிக்கு நல்ல இருக்கை ஒன்றின் விலையே 100 டாலர். அந்தக் கட்டுரையில் என் மனதில் தைத்தது ஒரு சிறு கவனிப்பு: கடந்து போன ஒவ்வொரு குழந்தையும் நின்று பார்க்க முயன்றது, ஒவ்வொரு முறையும் பெற்றவர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

இதிலிருந்து அமெரிக்கர்களுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டுவது அநியாயம். அவர்கள் வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தவர்கள். ஆனால் ஒன்று உறுதியாகிறது: மேடை, நுழைவுச் சீட்டு, அறிமுகம், முன்பே கேள்விப்பட்ட பெயர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் உலகின் தலைசிறந்த வயலினும் காலை நேர இரைச்சலில் ஒன்றாகிவிடும். பறவை முனியம்மா மதுரைப் பக்கத்தில் எத்தனையோ ஆண்டுகள் பாடியவர். 2003-இல் 'தூள்' வந்த பிறகுதான் தமிழ்நாடு முழுக்க அவர் பெயர் தெரிந்தது. கொல்லங்குடி கருப்பாயிக்கு அந்த வாசலைத் திறந்தது 1985-இல் 'ஆண்பாவம்'. படங்களுக்கு முந்தின நாளும் அவர்கள் குரல் அதே குரல்தான்.

அப்படியானால் அந்தக் காலத்தில் மட்டும் புகழ் திறமைக்குத்தான் போனதா? முன்பு உழைத்தவனுக்குப் பெயர் வந்தது, இப்போது வாய் உள்ளவனுக்கு வருகிறது என்ற ஏக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. நாதஸ்வரம் வாசிப்பவர்கள் மேடையில் அமர்ந்து வாசிக்கும் மரியாதைக்கே டி. என். ராஜரத்தினம் பிள்ளை போராட வேண்டியிருந்தது. பெண் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கமாட்டேன் என்று பெரிய வித்வான்கள் மறுத்த காலத்தில்தான் டி. கே. பட்டம்மாள் பல்லவி பாடி நிமிர்ந்தார். அவர்கள் அளவு மேதைமை இருந்தும் போராடத் தெம்பில்லாமல் பறையோடும் பம்பையோடும் ஊருக்குள்ளேயே முடிந்துபோனவர்களை எந்த வரலாறும் எண்ணவில்லை. அன்று வாசலில் நின்றது சாதியும் பாலினமும். இன்று நிற்பது அல்காரிதம். பழைய காவல்காரனை நினைத்துக் கண்ணீர் விட எனக்குக் காரணம் தெரியவில்லை.

இன்னும் பின்னால் போனால், திறமைக்கும் புகழுக்கும் நாம் கற்பிக்கும் இந்த உறவே நம் மரபில் அப்படி இல்லை. சங்கப் பாடல்களில் திறமை புலவனிடமும் பாணனிடமும் இருந்தது. புகழ், கொடுத்தவனுக்குப் போனது. கபிலர் பாடியதால் பாரி நிலைத்தான். திருக்குறளில் புகழ் என்ற அதிகாரம் இல்லறவியலின் கடைசியில், ஈகை அதிகாரத்துக்கு அடுத்து வருகிறது. கல்விக்கோ சொல்வன்மைக்கோ அருகில் அது இல்லை. வள்ளுவர் புகழை வைத்த இடத்தைப் பார்த்தால், அது ஒருவன் பிறருக்கு என்ன செய்தான் என்பதன் எதிரொலி. இன்னொரு பக்கம், குறுந்தொகையில் தமிழர்களுக்கெல்லாம் தெரிந்த ஒரு பாட்டை எழுதியவரின் பெயரே தொலைந்து, பாட்டில் வரும் தொடரை வைத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறோம். திறமை ஈராயிரம் ஆண்டு வாழ்ந்திருக்கிறது; ஆள் வாழவில்லை.

திறமை மட்டுமே புகழுக்குரிய தகுதி என்பது எவ்வளவு குறுகலான பார்வை என்பதற்கு நம் காலத்துச் சான்றும் உண்டு. 2017-இல் தமிழ் பிக் பாஸ் முதல் முறையாக வந்தபோது பட்டத்தை வென்றவர் ஆரவ். ஊரே பேசியது ஓவியாவைப் பற்றி. 'களவாணி'யில் நடித்த ஓவியாவை அன்று யாரும் நடிப்புக்காகக் கொண்டாடவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒதுக்கும்போதும் முகத்துக்கு நேரே பேசிவிட்டு நகர்கிற ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். அலுவலகத்திலும் புகுந்த வீட்டிலும் அப்படி ஒதுக்கப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் அவரைத் தங்களவராக்கிக்கொண்டார்கள். அந்தப் புகழை மோசடி என்று என்னால் சொல்ல முடியாது. வெளிப்படையாக இருப்பதும் ஒரு மதிப்புத்தான். மலாலாவை உலகம் அறிந்தது எந்தக் கலைத் திறனாலும் அல்ல. பள்ளிக்குப் போவேன் என்று நின்றதால்.

திறமை வாதத்தை மறுப்பவர்களில் சிலர் இங்கே ஒரு குறுக்குவழி எடுக்கிறார்கள். பிரபலமாக இருப்பதும் ஒரு திறமைதானே என்பது அந்த வாதம். கிம் கர்தாஷியானை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 2007 அக்டோபரில் தொடங்கிய அவர் குடும்பத்து ரியாலிட்டி ஷோ 20 சீசன் ஓடி 2021-இல் முடிந்தது. பாட்டில்லை, நடிப்பில்லை, விளையாட்டில்லை. ஆனாலும் பதினான்கு ஆண்டு ஒரு கூட்டத்தின் கவனத்தைப் பிடித்துவைப்பது சும்மா நடக்காது, 2019-இல் தொடங்கிய ஸ்கிம்ஸ் உள்ளாடை நிறுவனம் 2023-இல் 400 கோடி டாலர் மதிப்பைத் தொட்டதே என்பார்கள். உழைப்பும் வியாபார சாமர்த்தியமும் அவரிடம் இருப்பதை மறுப்பது சிறுமை. ஆனால் வாதம் நிற்காது. புகழ் தேடித் தருவது எதுவோ அதற்குத் திறமை என்று பெயர் வைத்துவிட்டால், புகழ்பெற்ற எல்லோரும் திறமைசாலிகள் என்று ஆகிவிடும். அப்போது கேள்வியே செத்துப்போகிறது. கேள்வியைக் கொன்றுவிட்டு அதற்கு விடை கண்டதாகச் சொல்லக்கூடாது.

இதுவரை நான் எடைபோட்டதில் தட்டு ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது. மறுபக்கத்தில் ஒரு கனமான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கவனம் என்பது அள்ள அள்ளக் குறையாத பொருள் அல்ல. மனிதருக்கு விழித்திருக்கும் நேரம் இவ்வளவுதான்; பத்திரிகைக்குப் பக்கம் இவ்வளவுதான்; தொலைக்காட்சிக்கு இரவு எட்டு மணி ஒன்றே ஒன்று. ஒருவருக்குப் போகும் இடம் இன்னொருவரிடமிருந்து எடுத்தது. நாடகப் பட்டறையில் பல வருடம் உடம்பைப் பழக்கிய ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய வேடம், ஃபாலோயர் எண்ணிக்கையைப் பார்த்து இன்னொருவருக்குப் போகும்போது, 'புகழ் எல்லோருக்கும் பொது' என்ற தத்துவம் அவர் வயிற்றை நிரப்பாது.

பொருளியல் அறிஞர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். பதிவு செய்து கோடிப் பேருக்கு விற்க முடிகிற உலகத்தில் திறமையின் சின்ன வித்தியாசம் வருமானத்தில் மலையளவு வித்தியாசமாகும் என்று ஷெர்வின் ரோசன் 1981-இல் விளக்கினார். நான்கு ஆண்டு கழித்து மோஷே அட்லர் ஒரு படி மேலே போனார்: திறமையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் நட்சத்திரங்கள் உருவாவார்கள். காரணம், ஒருவரை ரசிப்பதில் பாதி இன்பம் அவரைப் பற்றி மற்றவர்களோடு பேசுவதில் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தவரைப் பற்றித்தான் டீக்கடையில் பேச முடியும். அட்லரைப் படித்தபோது எனக்கு ஒரு தெளிவு கிடைத்தது. பிரபலம் என்பவர் முதலில் ஒரு பொதுப் பேச்சுப் பொருள். ஒரு சமூகம் எதைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம் என்று தகுதித் தேர்வு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வைத்தால் அந்தத் தேர்வை நடத்துபவர் யார் என்பதை நஞ்சம்மா விவகாரம் காட்டிவிட்டது.

அங்கே நடந்ததை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். எதிர்த்தவர் அளந்தது ஒரு குறிப்பிட்ட பயிற்சி முறையின் அளவுகோலால். சுருதிப் பெட்டியோடு சேர்ந்து நிற்பது அந்த முறையில் அடிப்படை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நடுவர் குழுவின் முன் இருந்த கேள்வி, அந்த ஆண்டுப் படங்களில் எந்தக் குரல் தன் பாட்டைத் தன்னைத் தவிர வேறு யாராலும் பாட முடியாதபடி பாடியது என்பது. அந்தப் பாட்டின் சொல், மெட்டு, மூச்சு எங்கே இழுபட வேண்டும் எங்கே அறுபட வேண்டும் என்பது எல்லாமே நஞ்சம்மாவின் வாழ்க்கையிலிருந்து வந்தவை. அது திறமை இல்லையென்றால் அந்தச் சொல்லை நாம் எதற்கு வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. விருதுக்குத் திறமை வேண்டும் என்று எதிர்த்தவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் தவறியது, தன் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் திறமை இருக்க முடியும் என்பதைக் காணாததில்.

என் தீர்ப்பு இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. விருது வேறு, புகழ் வேறு. விருதை ஒரு குழு கொடுக்கிறது. அதற்குக் காரணம் சொல்லும் கடமை அந்தக் குழுவுக்கு உண்டு. புகழை யாரும் கொடுப்பதில்லை, அது கூடிவிடுகிறது. மழை யார் வயலில் பெய்தது என்று மழையிடம் கணக்குக் கேட்க முடியாது. அந்தத் தண்ணீரை யார் எங்கே திருப்பினார்கள் என்று மடையில் நிற்பவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆகவே புகழ் திறமையால் சம்பாதித்ததாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் தள்ளுபடி செய்கிறேன். புகழைக் கொடுத்து எதை வாங்குகிறார்களோ, அதைத் தகுதியால்தான் வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை முழுமையாக ஏற்கிறேன். நடுவர் இருக்கை, மருந்து பற்றிய ஆலோசனை, பணத்தை எங்கே போடலாம் என்ற பரிந்துரை, கதாநாயகன் வேடம், சட்டமன்ற நாற்காலி ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய தகுதி இருக்கிறது. புகழ் அங்கெல்லாம் செல்லும் நாணயமாக இருக்கக்கூடாது.

அதே கர்தாஷியானின் வாழ்க்கையில் இதற்கு இரண்டு பக்கமும் கிடைக்கிறது. இதீரியம்மேக்ஸ் என்ற கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு போட அவர் வாங்கியது 2,50,000 டாலர். காசு வாங்கியதைச் சொல்லவில்லை என்பது அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2022 அக்டோபரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும், 12.6 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார். அவர் பிரபலமாக இருந்ததில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்தப் பிரபலம் நிதி ஆலோசனையாக மாற்றப்பட்ட இடத்தில்தான் சாதாரண மக்களின் சேமிப்புக்கு ஆபத்து வந்தது.

மறுபக்கம் ஆலிஸ் மேரி ஜான்சன். போதைப்பொருள் வழக்கில் முதல் குற்றத்துக்கே ஆயுள் தண்டனை பெற்று 21 ஆண்டு சிறையில் இருந்தவர். 2018 மே மாத இறுதியில் கர்தாஷியான் வெள்ளை மாளிகைக்குப் போய் அதிபர் டிரம்பிடம் பேசினார்; ஒரு வாரத்தில் ஜான்சன் வெளியே வந்தார். இது என் தீர்ப்புக்கு எதிரான சாட்சி போலத் தெரியும். புகழ் ஒரு நல்ல காரியத்தைச் சாதித்ததே! சாதித்தது, அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த விடுதலையில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜான்சனுக்காகச் சட்டம் படித்தவர்கள் அதற்கு முன்பே மனு மேல் மனுவாகப் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் திறக்காத கதவு ஒரு நட்சத்திரத்துக்குத் திறந்தது. அந்தக் கதவின் கோளாறு அது. எந்த நட்சத்திரத்தின் கண்ணிலும் படாமல் அதே தண்டனையில் கிடக்கும் மற்றவர்களுக்கு இதில் எந்த நீதியும் இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த மடையை ஓரளவு கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கு முதல் முறை 10 லட்சம், மறுமுறை 50 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். ஓராண்டு, பிறகு மூன்றாண்டுவரை விளம்பரத்தில் தோன்றத் தடையும் போடலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகள் இன்னும் நேராகப் பேசுகின்றன: பொருளைப் பற்றிப் போதிய தகவலோ அனுபவமோ இல்லாமல் பரிந்துரைக்கக் கூடாது. 2024 மே மாதம் பதஞ்சலி வழக்கில் உச்ச நீதிமன்றம், விளம்பரம் தவறென்றால் பிரபலங்களும் இன்ஃப்ளூயன்சர்களும் சம பொறுப்பாளிகள் என்றது. அபராதத் தொகை போதாது என்பது என் கருத்து. ஒரே விளம்பரத்துக்குக் கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு 10 லட்சம் என்பது செலவுக் கணக்கில் ஒரு வரி. வாங்கிய சம்பளம் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்வதே பொருத்தம். ஆனாலும் சட்டம் கைவைத்த இடம் சரியானது. 'நீ ஏன் பிரபலம்' என்று அது கேட்கவில்லை. 'உனக்கு இந்தப் பொருளைப் பற்றி என்ன தெரியும்' என்று கேட்கிறது.

சட்டம் எட்டாத இடங்கள் உண்டு. படத்துக்கு ஆள் எடுப்பவர்கள், இலக்கிய விழாவுக்கு அழைப்பவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் ஆகியோர் ஃபாலோயர் எண்ணிக்கையைத் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் தவறு அவர்களுடையது. அழைக்கப்பட்டவரைத் திட்டி நாம் அவர்களைத் தப்பவிடுகிறோம்.

திறமைக்கு நாம் பட்ட கடனில் உடனே அடைக்கக்கூடிய ஒரு பகுதியும் இருக்கிறது. 1949-இல் 'மஹல்' படப் பாட்டின் இசைத்தட்டில் லதா மங்கேஷ்கர் பெயர் இல்லை. திரையில் வந்த பாத்திரத்தின் பெயரான காமினி என்றே அச்சிட்டிருந்தார்கள். பாடியது யார் என்று ரசிகர்கள் எழுதிக் கேட்ட பிறகுதான் பெயர் வெளியே வந்தது. எழுபது ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2020-இல் இந்திப் பாடலாசிரியர்கள் ஒன்றுகூடி 'கிரெடிட் தே தோ யார்' என்று ஒரு பாட்டே வெளியிட்டார்கள். இசைச் செயலிகளும் நிறுவனங்களும் தங்கள் பெயரைப் போடாமல் விடுகின்றன என்பது அவர்கள் முறையீடு. தமிழ்ப் பாட்டும் இதற்கு விலக்கில்லை. கையிலிருக்கும் போனில் புதுப்பாட்டு ஒன்றைப் போட்டால் திரை முழுக்கக் கதாநாயகன் முகம் வருகிறது. கீழே பாடகர், இசையமைப்பாளர் பெயர்கள் வருகின்றன. எழுதியவர் யார் என்று பார்க்க மூன்று புள்ளியை அழுத்தி உள்ளே போய்த் தேட வேண்டியிருக்கிறது, சில பாட்டுக்கு அங்கேயும் இருப்பதில்லை. இதை நாளைக்கே திருத்திவிடலாம். அதற்குச் சட்டமும் வேண்டாம், நடுவர் குழுவும் வேண்டாம்.